அவர் நீட்டிய தண்ணீர்

இன்று காலை எனக்கு லேசான ஜுரம். கல்கத்தா பவானிப்பூரில் பக்கத்து வீட்டு வங்காளி பாபு தம் ஹோமியோபதிப் பெட்டியோடு வந்துவிட்டார். புட்டியின் மூடியைத் திறந்ததும் அந்த ஸ்பிரிட் வாசனை. அவ்வளவுதான், நம் ரயில் பெட்டிக்குள் போய் விழுந்தேன். நீ போய் ஆறு வருஷமாகிறது.

சென்னையில் கல்கத்தா வண்டி ஏறும்போதே உனக்கு உபதேசம் ஆரம்பித்தேன். பெரிய மேதாவி நான்! கல்கத்தா மெஸ்ஸில் கேட்ட கதையெல்லாம் சொன்னேன். வழியில் எவனாவது ஏறிச் சிரிக்கச் சிரிக்கப் பேசுவான், ஊமத்தை கலந்த பேடா கொடுப்பான், கண் விழித்தால் நகை இருக்காது. யார் எதைக் கொடுத்தாலும் கைநீட்டாதே என்றேன். புதுப் பெண்டாட்டி, தலையாட்டினாய்.

கட்டாக்கில் ஒரு வங்காளிக் கிழவர் ஏறினார். உன்னைப் பார்த்துச் சிரித்து, 'மா' என்று கூப்பிட்டார்.

"ஏன்னா, எனக்கு அவ்வளவு வயசாயிடுத்தா?" என்று என் காதில் கேட்டாய்.

"இங்கே பொண்களை அப்படித்தான் கூப்பிடுவா. நீ அந்தப் பக்கம் பாக்காதே" என்று சிடுசிடுத்தேன்.

கொஞ்ச நேரத்தில் உனக்கு வாந்தி, பேதி. மதியத்துக்குள் கண் குழி விழுந்துவிட்டது. நம் கூஜா காலி. கிழவர் தம் மண்கூஜாவிலிருந்து தண்ணீர் ஊற்றி, "மா, ஜல் காபே?" என்று நீட்டினார். இதே ஸ்பிரிட் வாசனை வீசும் ஹோமியோபதி மாத்திரைப் பெட்டியையும் திறந்தார். நான் அவர் கையைத் தள்ளினேன். அவரோ தானே ஒரு வாய் குடித்துக் காட்டினார், இரண்டு மாத்திரையைத் தன் நாக்கில் போட்டுக்கொண்டார். விஷத்துக்கு மாற்று மருந்து முன்பே சாப்பிட்டிருப்பான் என்று நினைத்தேன். இப்படியும் ஒரு புத்தி!

"ஏன்னா, நாக்கு வறண்டு போறது. அவரைப் பாத்தா நல்லவராட்டம் இருக்கே."

"வேண்டாம்."

"சரி. நீங்க சொன்னா சரி."

பாலசோரில் குழாய் கண்ணெதிரே இருந்தது. உன்னை அவரோடு தனியே விடப் பயந்து நான் இறங்கவில்லை. தண்ணீர்க்காரன் நம் பெட்டிக்கு வருவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.

கரக்பூரில் கிழவர் குதித்து ஓடினார். ஒழிந்தான் என்று கதவைத் தாழிட்டேன். கொஞ்ச நேரத்தில் அவர் ரயில்வே டாக்டரைக் கூட்டிவந்து கதவைத் தட்டினார். டாக்டரைப் பார்த்த பிறகே திறந்தேன். பிளாட்பாரத்தில் தன் சால்வையை விரித்து உன்னைப் படுக்க வைத்தார். டாக்டர் நாடி பார்த்துவிட்டு, "முதலிலேயே தண்ணீராவது கொடுத்திருக்கலாமே" என்றார். மாத்திரை என்ன செய்திருக்குமோ, எனக்குத் தெரியாது. தண்ணீர் தண்ணீர்தானே. கிழவர் விரலால் உன் உதட்டை நனைத்தார். அப்போதுதான் நான் தடுக்கவில்லை. உனக்கு விழுங்கத் தெம்பில்லை. அந்தச் சால்வையிலேயே உன் உயிர் போயிற்று.

மெஸ்ஸில் ஒருவர்கூட என்னைக் குறை சொல்லவில்லை. யாராயிருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள் என்றார்கள். யாராவது ஒருவர் என்னைத் திட்டித் தொலைத்திருக்கலாம்.

உன் அப்பாவுக்கு நான்தான் எழுதினேன். வழியில் உதவிக்கு ஒருவரும் இல்லை என்று எழுதிவிட்டேன், பாவி. அவர் பதில் போட்டிருந்தார்: "அந்தச் சீமையில் மனுஷாளே கிடையாதா, மாப்பிள்ளை?"