அஞ்சுக்கும் ஏழுக்கும் நடுவே

அன்பு மகளே, நீ சுகமா. இங்கே நானும் உன் அப்பாவும் உன் மகள் வாண்டும் நன்றாக இருக்கிறோம், உன் அப்பாவின் முழங்கால் மட்டும் தனியாக முனகிக்கொண்டிருக்கிறது. போனில் சொன்னால் "சரிம்மா, வெக்கிறேம்மா" என்று முடித்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன், தையற்கடைக்காரி இதைப் போட்டோ எடுத்து இன்றைக்கே உனக்கு அனுப்புவாள். வாண்டை இன்னொரு வருஷம் சின்னப் பிள்ளைகளோடு உட்காரவைக்கச் சம்மதம் என்று பள்ளிக்கூடத்துத் தாளில் கையெழுத்துப் போடாதே.

டீச்சர் உன்னிடம் சொன்னது மெய்தான், ஐந்து வரை எண்ணுகிறாள், ஏழிலிருந்து பத்து வரை எண்ணுகிறாள், நடுவில் ஆறைக் காணோம். கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உனக்கு நாலு வயசில் உன் பெரியத்தை "இது தேறாது"ன்னு சொன்னாளே, செவ்வாய்க்கிழமை, நல்ல மழை, கையில் பச்சைக் குடை, அந்த வாய்க்கே நான் இன்னும் பதில் சொல்லவில்லை, இதில் இந்த டீச்சர் வேறா என்று நேரே பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிட்டேன். நாற்பது நிமிஷம் காக்கவைத்தாள், அதுவும் பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலியில், அதையும் மறக்கமாட்டேன். பிறகு மேசையில் சட்டைப் பொத்தான்களைப் பரப்பி வாண்டை எண்ணச் சொன்னாள். பிள்ளை ஒவ்வொன்றாக விரல் வைத்து அஞ்சு வரை சொன்னாள், அடுத்த பொத்தானில் விரலை வைத்துக் குனிந்து ஃபூ ஃபூ என்று ஊதினாள், அப்புறம் ஏழு என்றாள். எனக்கு வியர்த்துவிட்டது. தினமும் கஞ்சி ஊட்டும்போது வாய்க்கு வாய் எண்ணுவது நான்தானே, மேலே ஆறினதை அஞ்சு வாய் கொடுத்துவிட்டு, அடியில் கொதிக்கிற கிண்ணத்தைப் பார்த்து "ஆறு, சீக்கிரம் ஆறு" என்று ஊதுவதும் நான்தானே. அந்த இடத்தில் ஊதுவதுதான் கணக்கு என்று பிள்ளை பிடித்துக்கொண்டுவிட்டாள்.

வெட்கத்தை விட்டு உள்ளதைச் சொன்னேன். டீச்சர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள், "பாட்டிம்மா, ஒரு பொத்தானக்கூட அவ விடல, எதையும் ரெண்டு தடவ எண்ணல, அதான் பெருசு, ஆறுங்கற பேரு நாளைக்கே வந்துடும், அவங்கம்மா தாள அனுப்பலன்னா மேல் வகுப்புக்கே போகட்டும்" என்றாள். அவள்மேல் இருந்த கோபத்தில் பாதியைக் குறைத்துக்கொண்டேன், நாற்காலிக்கான பாதி அப்படியே இருக்கிறது. இப்போது மாடிப்படி ஏறும்போதெல்லாம் எண்ணுகிறோம், ஆறாவது படியில் தெருவுக்கே கேட்கும்படி கத்துகிறாள். எழுத்திலும் சோடையில்லை, தன் பேரின் வா எங்கே இருந்தாலும் கண்டுபிடித்துவிடுகிறாள், வாடகைக்கு என்று பலகை தொங்கும் வீடெல்லாம் தன் வீடாம், இந்தத் தெருவில் மட்டும் மூன்று, வீட்டுக்காரர்களிடம் நீயே பேசிக்கொள். போனில் அவளை "எங்கே, பத்து வரைக்கும் சொல்லு" என்று மிரட்டாதே, இன்றைக்கு எத்தனை படி ஏறினாய் என்று கேள், தானாக வரும்.

வேளைக்குச் சாப்பிடு கண்ணு, ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இரு. கையெழுத்து மட்டும் வேண்டாம். ஊதியது நான், அதற்கு ஒரு வருஷம் அவள் ஏன் உட்காரவேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா