உன் குரலுக்கு அடியில் என் கிட்டார்

இல்லை, அந்தக் கடிதத்தை இன்னும் அனுப்பவில்லை. கிட்டார் பெடல் செய்யும் கம்பனிக்கு எழுதச் சொன்னாயே, அது. "நீதான் கெம்பஸ் போனவளாச்சே, நல்ல இங்கிலீசுல நாலு வரி திட்டி எழுதுடி." நான் சிரித்தேன். பிறகு எழுதலாம் என்று இருந்துவிட்டேன்.

லூப் பெடல் என் மேசையில் இருக்கிறது. உள்ளங்கை அகலம். ஒரு சிவப்பு விளக்கு, ஒரு சுவிச்சு. சுவிச்சின் ஓரத்தில், நீ தப்பு மேளம் காய்ச்சிய நெருப்பின் கரி. துடைக்கவில்லை.

வாங்கி வந்த அன்று தோட்டத்தில், உங்கள் லயத்து வீட்டு வாசலில் வைத்தேன். மிதித்தேன், வாசித்தேன், மறுபடி மிதித்தேன். வாசித்தது தானாகத் திரும்பத் திரும்ப ஒலித்தது. அதன் மேல் இன்னொன்றை வாசிக்க, அதுவும் சேர்ந்து சுற்றியது. நீ குனிந்து பார்த்தாய். "லீவு கேக்காத ஆளுங்கடி உள்ள இருக்காங்க."

அடுத்த வாரமே குறை சொல்லத் தொடங்கினாய்.

மூடுபனியில் மேளத்தின் தோல் தொய்ந்துவிடும். காகிதம் கொளுத்திக் காய்ச்சிய சூட்டோடு முதல் அடியைப் பதிவோம். கால் மணி நேரத்தில் உன் கையில் இருக்கும் மேளத்தின் சுருதி இறங்கிவிடும். பெடலுக்குள் இருப்பது இறங்காது. இரண்டும் ஒட்டாது. "உள்ள இருக்கிறவளுக்கு மட்டும் குளிரே இல்ல, பாரு." அந்த ஒலியை மெல்ல மெல்ல இறக்க ஒரு திருகு வேண்டும் என்றாய். வேகத்தை ஏற்ற இன்னொன்று. காமன் கூத்தில் அடி போகப் போக ஏறும். பெடலுக்கு ஏறத் தெரியாது.

மூன்றாவது குறை, நுவரெலியாவில். கல்யாண மண்டபத்தின் சிமெந்துத் தரை, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிய மேடை. சுவிச்சைத் தொட்டு எடுத்தால் ஒலிக்கும், இரண்டு செக்கன் அழுத்தினால் கடைசியாகச் சேர்த்தது போய்விடும், இன்னும் அழுத்தினால் எல்லாமே போய்விடும். நீ மிதித்ததில் எல்லாமே போனது. மண்டபம் அமைதியானது. நீ ஒலிவாங்கியிலேயே சொன்னாய்: "கால் வெறச்சிப் போச்சிங்க. எவ்வளவு நேரம் மிதிச்சேன்னு எனக்கே தெரியல." சபை சிரித்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் நீ சிரிக்கவில்லை. "அழிக்கிறதுக்கு வேற சுவிச்சு வைக்கச் சொல்லு. இவனுங்க குளிர்ல நின்னு பாத்திருக்கவே மாட்டானுங்க."

கடைசியாகப் பதிந்தது வட்டவளையில், உங்கள் வீட்டில், ஒரு மழைநாளில். முதலில் உன் மேளம். அதன் மேல் என் கிட்டார். நடுவில் ஓரிடத்தில் என் விரல் வழுக்கி வேறு கம்பியைத் தொட்டது. அழித்துவிட்டு மறுபடி தொடங்கலாம் என்றேன்.

"விடுடி. அந்த எடத்துல நான் சத்தமாப் பாடி மூடிடுறேன்."

சொல் எதுவும் இல்லாமல் பாடினாய். அந்த இடத்தில் உன் குரல் ஏறியது. என் பிழை அடியில் போனது.

பிறகு காய்ச்சல். நான் கொத்மலையில், படிப்பிக்கும் பாடசாலையில். "வந்து என்னா செய்யப் போற? ஞாயித்துக்கெழம வா" என்றாய். நீ சனிக்கிழமை போனாய்.

இந்தப் பெடலில் ஒரு லூப்புக்குத்தான் இடம். புதிதாக ஒன்று பதிந்தால் பழையது போய்விடும். நான் அதன் பிறகு எதையும் பதியவில்லை.

போன மாதம் உன் அம்மா தொலைபேசியில் கேட்டார். "அந்த மிசின்ல அவ கொரலு இருக்காமே. கொரல மட்டும் போட்டுக் காட்டு புள்ள. மேளம் வேணாம். அன்னைக்கிக் கேட்டதே போதும்."

அன்றைக்கு, உன்னைக் கொண்டு போன வழியெல்லாம் மேளம் அடித்தார்கள்.

பெடலில் மூன்றும் ஒன்றாகிவிட்டன. கடைசியாகச் சேர்த்ததை மட்டும்தான் நீக்கலாம். கடைசி, நீ. இரண்டு செக்கன் அழுத்தினால் உன் குரல் போய், மேளமும் என் பிழையும் எஞ்சும். கெம்பஸில் கூடப் படித்த நண்பன் ஒருவன் உன் குரலைக் கணினியில் பிரித்துத் தந்தான். தகரக் குழாய்க்குள் யாரோ பாடுவது போல இருந்தது. அதை உன் அம்மாவிடம் கொண்டு போக முடியவில்லை. கடிதத்துக்கு நான்காவது குறை கிடைத்தது, என்னுடையது: எந்த அடுக்கையும் தனியே எடுக்க ஒரு வழி வேண்டும். என்னை எடுத்துவிட.

நேற்று பெடலை அப்படியே கொண்டு போனேன். முடியவில்லை என்று அம்மாவிடம் சொன்னேன். பெடலை ஒருமுறை பார்த்தார். "சரி, போடு."

காலால் மிதிக்கப் பயமாக இருந்தது. குனிந்து விரலால் தொட்டு எடுத்தேன். மேளம் தொடங்கியதும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அடிக்கிறது அவதாம்மா" என்றேன்.

திரும்பினார். கேட்டார். மூன்று சுற்று, நான்கு சுற்று.

"நடுவுல ஏன் இப்புடிக் கத்துறா?"

"நான் பெசகிட்டேன்மா. அது கேக்கக் கூடாதுன்னு பாடினா."

"எங்க பெசகின?"

அந்த இடம் வரும்போது கையை உயர்த்திக் காட்டினேன். அம்மா பெடலின் பக்கம் குனிந்தார். அடுத்த சுற்றில், நான் காட்டும் முன்பே, அவர் கை உயர்ந்தது.

"நிப்பாட்டாத" என்றார்.

திரும்பும் வழியில், ஹட்டன் பஸ்ஸில், கடிதத்தை எழுதினேன். உன் மூன்று குறைகளையும் எழுதினேன். என்னுடையதை எழுதவில்லை.