ஒரு பெட்டி கூடுதல்

மார்ச் 4, செவ்வாய்

நடைப்பயிற்சி முடிந்து மாடியேறிய பிறகுதான் பால் வாங்காதது நினைவுக்கு வந்தது. திரும்பலாம் என்று வாசலிலேயே நின்றேன். கதவு பாதி திறந்திருந்தது. மனைவி தன் தங்கையோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

“உனக்கு முட்டி ஆபரேஷன்னா நான் என்னடி பண்றது? கப்பல் டிக்கெட்டை வீணாக்க முடியுமா? இவரைத்தான் கூட்டிட்டுப் போறேன். ஒரு பெட்டி எக்ஸ்ட்ரா தூக்கிட்டுப் போற மாதிரிதான். என்ன, இந்தப் பெட்டி நடுநடுவுல கேள்வி கேக்கும்.”

சிரித்தாள். பெட்டி நானாக இல்லாவிட்டால் நானும் சிரித்திருப்பேன். “அடுத்த வருஷம் வழக்கம்போல நீயும் நானும்” என்று வேறு சொன்னாள்.

பால் வாங்கி வந்தேன். எதையும் காட்டிக்கொள்ளவில்லை.

அவள் சொன்னது பொய்யா? அக்காளும் தங்கையும் மலைக்கும் கடலுக்கும் போய் வருவார்கள். நான் வீட்டுக்குக் காவல். காப்பீட்டு அலுவலகத்தில் காலமெல்லாம் விபத்துக் கோப்புகளைப் படித்துச் சம்பளம் வாங்கியவன் நான். படகில் ஏறும்போது வழுக்கியவர், நீச்சல்குளத்தில் காலை முறித்தவர், ஐஸ்கிரீம் தின்று பல் உடைந்தவர் — எங்கே கிளம்பினாலும் அதற்கான கோப்பு ஒன்று தலைக்குள் திறந்துகொள்ளும். என்னோடு யார் போவார்கள்?

இந்த முறை பெட்டியாக இருக்கக் கூடாது.

மார்ச் 6, வியாழன்

பயண ஏற்பாட்டாளரின் அலுவலகம். சின்னப் பெண், மேசையில் பிளாஸ்டிக் கப்பல். மைத்துனி பிடித்து வைத்திருந்தது உச்சித் தளத்தில், முன்பக்கம், பால்கனியோடு கூடிய கேபின். “கடல் பழக்கமில்லாதவங்களுக்குக் கீழ்த்தளம், நடுப்பகுதி நல்லது சார். அங்க ஆட்டம் கம்மி” என்றாள் அந்தப் பெண். மாற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

“பால்கனி போச்சா?” என்றாள் மனைவி.

“ஜன்னல் இருக்கு.”

“ஜன்னல் நம்ம வீட்லயும்தான் இருக்கு.”

பெட்டியின் முதல் வேலை.

மார்ச் 9, ஞாயிறு

கப்பலில் நோய் வந்தால் செலவு பயங்கரமாம். இருவருக்கும் பயணக் காப்பீடு எடுத்துவிட்டு அவளிடம் மூச்சு விடவில்லை. என் அளவில் இது முன்னேற்றம்.

மார்ச் 21, வெள்ளி

கப்பல் கிளம்புவதற்கு முந்தைய நாளே துறைமுக ஊருக்குப் போய்விட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். ரயில் தாமதமானால் கப்பல் நமக்காக நிற்குமா? அவள் பேசாமல் துணி மடித்தாள். அவள் திட்டினால் பயமில்லை, பேசாமல் மடித்தால்தான்.

மகள் கூப்பிட்டாள். “அப்பா, அங்க போய் எதையும் சரிபார்க்காதீங்க. அம்மாவைச் சந்தோஷமா இருக்க விடுங்க, போதும்.”

சரிபார்க்காமல் எப்படி இருப்பது என்று அவள் சொல்லவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

ஏறிவிட்டோம்! கப்பல் என்கிறார்கள், படுக்கப்போட்ட அடுக்குமாடிக் குடியிருப்பு. தாழ்வாரம் எவ்வளவு நீளமென்றால், கோடியில் நிற்பவர் ஆணா பெண்ணா தெரியவில்லை.

துறைமுக வாசலிலேயே பெட்டிகளை வாங்கிக்கொள்கிறார்கள். பிறகு அவர்களாகக் கேபினுக்குக் கொண்டுவந்து வைப்பார்களாம். இது எனக்கு முன்பே தெரியும். அதனால் மாத்திரை, பாஸ்போர்ட், கண்ணாடி, இருவருக்கும் ஒரு மாற்றுத் துணி எல்லாவற்றையும் தோள்பையில் வைத்து நானே சுமந்தேன். “ஸ்கூலுக்குப் போற பையன் மாதிரி இருக்கீங்க” என்றாள். சாப்பாட்டு நேரம் தாண்டியும் அவள் பெட்டி வரவில்லை. ரத்த அழுத்த மாத்திரைக்கு நேரமாகிவிட்டது. உள்ளங்கையில் மாத்திரையை வைத்து நீட்டினேன். எடுத்து விழுங்கினாள். ஸ்கூல் பையைப் பற்றி அப்புறம் பேச்சில்லை.

இந்த மதிப்பெண்ணை நானே கெடுத்துக்கொண்டேன். ஆபத்துக்கால ஒத்திகைக்கு எல்லோரையும் ஒரு கூடத்தில் கூட்டினார்கள். அதிகாரி “ஏதாவது சந்தேகம்?” என்றார். அவர் ஒரு மரியாதைக்குக் கேட்டிருக்கிறார். நான் கையைத் தூக்கிவிட்டேன். படகில் இடம் எத்தனை பேருக்கு, லைஃப் ஜாக்கெட் விசில் எவ்வளவு தூரம் கேட்கும், படிக்கட்டில் விளக்கு அணைந்தால் என்ன செய்வது... கூடம் முழுக்கக் காத்திருந்தது. பின்னால் யாரோ, “ஐயா நீந்தியே வந்துடுவார் போல” என்றார்.

“போதுங்க” என்றாள் மனைவி, என்னைப் பார்க்காமல்.

மார்ச் 24, திங்கள்

கடல் மட்டும். மதியத்துக்கு மேல் நல்ல ஆட்டம்.

எங்கள் சாப்பாட்டு மேசையில் ஒரு பல் மருத்துவரும் அவர் மனைவியும். இது எத்தனையாவது கப்பல் பயணம் என்பது அவருக்கே மறந்துவிட்டதாம். “கப்பல்னா டாப் டெக் சார். கீழ இருக்கிறதுக்கு வீட்லயே இருந்துடலாம்.” என் மனைவி என் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள்.

இரவுச் சாப்பாட்டுக்கு மருத்துவர் தம்பதி வரவில்லை. உச்சித் தளத்தில் பாதிப் பேர் படுத்துவிட்டார்கள் என்றார் பரிமாறியவர். என் மனைவி இரண்டாவது தடவை இனிப்பு வாங்கிச் சாப்பிட்டாள்.

மார்ச் 25, செவ்வாய்

அவள் நடன வகுப்புக்குப் போனாள். நான் கூடப் போகவில்லை, எச்சரிக்கவும் இல்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு நூலகத்தில் உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 26, புதன்

தீவு. இறங்குவதற்கு முன் ஒலிபெருக்கியில் சொன்னார்கள்: தீவின் நேரம் ஒரு மணி பின்தங்கியது, கப்பல் தன் நேரத்தை மாற்றாது, கைக்கடிகாரத்தைத் தொடாதீர்கள். நான் தொடவில்லை. அவள் செல்போன் தானாகவே தீவின் நேரத்துக்கு மாறிக்கொண்டது.

கடைத்தெருவில் அவள் ஒரு தொப்பியை எடுத்தாள். அகலமான விளிம்பு, மஞ்சள் ரிப்பன். கண்ணாடியில் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. அந்த நேரம் பார்த்து நான், “போலாம், நேரமாச்சு” என்றேன்.

“இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. இதோ, போன்ல பாருங்க.”

“அது தீவு நேரம்.”

“கடைக்காரர் விலை குறைக்கப் போறார்ங்க!”

“கப்பல் குறைக்காது.”

தொப்பியைக் கீழே வைத்தாள். கப்பல்வரை எனக்கு முன்னால் விடுவிடுவென்று நடந்தாள். எனக்கும் குழப்பம் — ஒருவேளை நான்தான் தப்பாகக் கேட்டேனோ? காது முன்போல இல்லையே. தப்பென்றால் இந்தத் தொப்பியை ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாள். நியாயம்தான்.

மேல்தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஏணிப்பாலத்தை எடுக்கப் போகும் நேரம். பாலத்தை ஒட்டியிருந்த நீண்ட மேடையில் இரண்டு பேர் ஓடி வந்தார்கள். முன்னால் ஓடியவர் கையில் ஒரு பெரிய மரச் சிற்பம், ஒட்டகச்சிவிங்கி. பின்னால் வந்தவர் செருப்பைக் கையில் பிடித்திருந்தார். மேலே நின்ற கூட்டம் முழுவதும் கைதட்டியது, “ஓடு, ஓடு!” என்று கத்தியது. கிட்டே வந்ததும் தெரிந்தது: பல் மருத்துவர் தம்பதி.

மனைவி கைதட்டவில்லை. என் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு தன் போனைப் பார்த்தாள். பிறகு கடலைப் பார்த்துக்கொண்டே, “அந்த மஞ்சள் ரிப்பன் எனக்கு எடுப்பா இருந்திருக்காது” என்றாள்.

இருந்திருக்கும். அதை நான் சொல்லவில்லை.

மார்ச் 28, வெள்ளி

வரவேற்பு முகப்பின் ஓரத்தில் அடுத்த ஆண்டுப் பயணத்துக்கு முன்பதிவு செய்யும் மேசை போட்டிருக்கிறார்கள். கப்பலிலேயே பதிந்தால் சலுகையாம். காப்பி வாங்கிக்கொண்டு திரும்பும்போது பார்த்தேன் — மனைவி அந்த மேசைமுன் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

தூணுக்குப் பின்னால் நின்றேன். இரண்டு பேர். அவளும் தங்கையும். முட்டி அதற்குள் சரியாகிவிடுமே.

கேட்டிருக்கலாம். கேள்வி கேட்கும் பெட்டி என்று பெயர் எடுத்தாயிற்று, கேட்கவில்லை. காப்பி ஆறிவிட்டது.

மார்ச் 29, சனி

கடைசி மாலை. பெட்டிகளில் பெயர்ச்சீட்டு மாட்டிக் கேபின் வாசலில் வைத்துவிட வேண்டும். ராத்திரி எடுத்துப்போய் நாளைக் காலை கரையில் கொடுப்பார்கள். விருந்து முடிந்ததும் அவள் நடன வகுப்புத் தோழிகளோடு பாட்டுக் கச்சேரிக்குப் போனாள். ஒரு நல்ல காரியம் செய்வோமே என்று தோன்றியது. அவளுடைய துணிகளையும் சேர்த்து நானே அடுக்கினேன். சட்டைக்குள் காகிதம் வைத்து மடித்தேன். காலணிக்குள் காலுறை. ஒரு சுருக்கம் கிடையாது. எங்கள் தாழ்வாரத்தில் முதலில் வெளியே வந்த பெட்டிகள் எங்களுடையவை. பைஜாமா மாட்டிக்கொண்டு படுக்கையில் சாய்ந்து இதை எழுதுகிறேன்.

வந்தாள். “அட! எல்லாம் முடிச்சிட்டீங்களா?” என்றாள். அவளுடைய விருந்து உடையைக் கொக்கியில் மாட்டினாள். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

கடைசி நாளாவது ஒன்றைச் சரியாகச் செய்தேன்.

மார்ச் 30, ஞாயிறு. வீடு

நேற்று எழுதிய கடைசி வரியை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.

காலையில் குளித்துவிட்டு அலமாரியைத் திறந்தேன். வெறும் ஹேங்கர்கள்.

“என்ன தேடறீங்க?”

“பேன்ட்.”

“நேத்துப் போட்டிருந்தது?”

“பெட்டியில.”

“அதையுமா வச்சீங்க?”

“நடுவுல. சுருங்காம இருக்க.”

“ஸ்கூல் பையில ஒரு செட் இருக்குமே?”

அதிலிருந்ததையும் எடுத்து மடித்துப் பெட்டியில்தான் வைத்தேன். “அப்போ என் துணி?” என்று ஆரம்பித்தாள், அவளுக்கே புரிந்துவிட்டது. இரவு உடையைத் தவிர அவளுக்கு மிஞ்சியது கொக்கியில் தொங்கும் அந்த விருந்து உடை மட்டும். கறுப்பு, கழுத்திலிருந்து பாதம்வரை கண்ணாடிக் கல்.

படுக்கையில் உட்கார்ந்து முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அவ்வளவுதான், முடிஞ்சுது — ஐயோ, எதுக்குடா உனக்கு இந்த வேலை, நூலகத்துலயே கிடந்திருக்கக் கூடாதா? பக்கத்தில் போய் மன்னிப்பு என்று ஆரம்பித்தேன். நிமிர்ந்தாள். கண்ணெல்லாம் நீர். சிரித்துக்கொண்டிருந்தாள். “நடுவுல... சுருங்காம...” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள், மூச்சு வாங்கியது. நான் தண்ணீர் கொடுத்தேன். அதற்கும் சிரித்தாள்.

அறையைச் சுத்தம் செய்பவர் எட்டிப் பார்த்தார். நிலைமையைச் சொன்னோம். “ஒவ்வொரு ட்ரிப்லயும் ஒருத்தர் இருப்பார் சார். போன தடவை ஒரு நீதிபதி. அவருக்கு மேல்சட்டையும் இல்ல.”

நீல வரிப் பைஜாமா, கேபினில் தந்த துணிச் செருப்பு. ஜொலிக்கும் உடையில் மனைவி. இஸ்திரி போடாத சட்டையோடு தபால் பெட்டிவரை கூடப் போகாதவன் நான். கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் என் கையைத் தன் கையில் கோத்துக்கொண்டு கூட்டத்துக்குள் நடந்தாள், ஏதோ அரண்மனைக்குள் நுழைவதுபோல.

பல் மருத்துவர் வரிசையில் நின்றிருந்தார். கக்கத்தில் ஒட்டகச்சிவிங்கி. “என்ன சார், தூக்கத்துல நடக்கறீங்களா?”

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள்: “எப்படி வந்தா என்ன டாக்டர், ஓடாம வந்துட்டோம்ல?”

முதலில் சிரித்தது அவர் மனைவிதான்.

ஏப்ரல் 5, சனி

மாடிவீட்டுக்காரர் அடுத்த மாதம் குடும்பத்தோடு கப்பலில் போகிறாராம். “அனுபவஸ்தர், நாலு வார்த்தை சொல்லுங்க” என்று வந்து உட்கார்ந்தார். நான் அனுபவஸ்தன்! நடுவில் கீழாக ஒரு கேபின் பிடியுங்கள், முந்தைய நாளே துறைமுகத்துக்குப் போய்விடுங்கள், மாத்திரை கைப்பையில் இருக்கட்டும், கப்பல் நேரத்தை மட்டும் நம்புங்கள், காப்பீடு எடுங்கள், ஆனால் வீட்டில் சொல்லாதீர்கள் — எல்லாம் சொன்னேன். கடைசிநாள் பெட்டி விஷயத்தில் தயங்கினேன்.

உள்ளேயிருந்து குரல் வந்தது: “முக்கியமானதை விட்டுட்டீங்களே!”

காப்பீட்டைப் பற்றியும் காதில் விழுந்திருக்கும்.

ஏப்ரல் 12, சனி

மைத்துனி ஊன்றுகோலோடு வந்தாள். மனைவி சமையலறையில் இருந்தாள். உட்கார்ந்ததும் உட்காராததுமாக, “அத்தான், என் இடத்தைப் பிடுங்கிட்டீங்களே, நல்லா இருப்பீங்களா?” என்றாள்.

புரியவில்லை.

“அடுத்த வருஷக் கப்பல். உங்க ரெண்டு பேர் பேர்லதானே பதிஞ்சிருக்கா? உங்ககிட்டச் சொல்லவே இல்லையா? கப்பல்லேர்ந்தே வெள்ளிக்கிழமை போன் பண்ணிட்டாளே.”

வெள்ளிக்கிழமை. பைஜாமாவுக்கு முந்தைய நாளுக்கும் முந்தைய நாள்.

“மூணு பேராப் போலாமேடின்னேன். அதெல்லாம் முடியாதாம். ‘உன்கூட வந்தா நானும் பயப்படணும், நீயும் பயப்படணும். இவர்கூடப் போனா எல்லாப் பயத்தையும் அவரே பட்டுடறார், நான் நிம்மதியா ஊர் பாக்கறேன்’னு சொல்றா. என்ன மருந்து வச்சீங்க?”

ஊன்றுகோலின் ரப்பர் நுனி தேய்ந்திருக்கிறது, வழுக்கும், மாற்றிவிடு என்றேன்.

சாயங்காலம் எங்கள் அறைக்குப் போனேன். பயணத்துக்கு இன்னும் பத்து மாதம் இருக்கிறது. நாற்காலி முதுகில் என்னுடைய சாம்பல் நிறக் கால்சட்டை ஒன்று, இஸ்திரி போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. அங்கே மாட்டி வைத்தது நான் இல்லை.