செருப்புக் காலோடு களத்தில் இறங்கியவருக்கு

நேற்று மத்தியானம் டிவியில் அந்தப் படத்தைப் போட்டார்கள். நாச்சியாபுரத்து டூரிங் கொட்டகையில் நாம் பார்த்த அதே தெலுங்குப் படம், தமிழில் குரல் கொடுத்தது. குரல் முந்துகிறது, உதடு பிந்துகிறது, அன்றைக்கு இருந்தபடியே. கதாநாயகன் நெற்களத்தில் அடி வாங்குகிற இடம் வந்ததும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன. எனக்கு வலது உள்ளங்கை விண்ணென்று தெறித்தது. ஆனாலும் அணைக்காமல் கடைசி வரை பார்த்தேன். பார்த்து முடித்ததும் உங்களிடம் பேச வேண்டும் போலிருந்தது.

அப்போது நீங்கள் காரைக்குடியிலிருந்து சைக்கிளில் வருகிற பம்புசெட் மெக்கானிக். எங்கள் கிணற்று மோட்டாரைப் பழுது பார்க்க வந்தவர், பழுதில்லாத நாளிலும் வரத் தொடங்கினீர்கள். கொட்டகையில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே இடுப்பளவு மண்சுவர். ரீல் மாற்ற விளக்குப் போடும்போதெல்லாம் கையில் சோடாவோடு சுவரோரம் வந்து நிற்பீர்கள். முகம் திரைப் பக்கம் இருக்கும், பேச்சு என்னிடம் இருக்கும்.

"பஞ்சாயத்துல நின்டு, இவரத்தான் கட்டுவேண்டு அந்தப் புள்ளையே சொல்லுது பாத்தியா? அதுக்கே இன்னொரு டிக்கெட் எடுக்கலாம்."

நல்ல படம்தான். வண்டிமாடு, நாற்று நடவு, பெண்கள் ஒருவரை ஒருவர் சீண்டிக்கொள்வது எல்லாம் அசல் கிராமம். கதாநாயகி வாயைத் திறந்தால் கொட்டகை அதிரும். ஆனால் அவள் அண்ணன்மார்கள் வெறும் கோமாளிகள். கம்பை ஓங்குவார்கள், வைக்கோலில் வழுக்கி விழுவார்கள். எனக்கு உறுத்தியது வேறொன்று. கதாநாயகன் பெண் கேட்க வெற்றிலைத் தட்டோடு பூட்ஸ் காலில் களத்துக்குள் நுழைகிறான்.

"பொலி குமிச்சிருக்கு, இவன் பூட்சக் கழட்டாம எறங்குறான். ஒருத்தனும் ஒண்ணுஞ் சொல்லலயே?" என்று கேட்டேன்.

"சினிமாவுல அதெல்லாம் யாரு பாப்பா?" என்று சிரித்தீர்கள். டவுனில் பிறந்தவர், சிரிக்கத்தான் செய்வீர்கள். தூற்றிய நெல்லைப் பொலியாகக் குவித்துவிட்டால் அது எங்களுக்குச் சாமி. செருப்புக் கால் அங்கே பட்டால், வீட்டுக்குள் வந்து காறித் துப்பியதற்குச் சமம்.

அந்த வருடம் அறுப்பு முடிந்ததும் என்னை மாமன் மகனுக்குப் பரிசம் போடுவதாகப் பெரியண்ணன் வாக்குக் கொடுத்துவிட்டது. பரிசம் போட்டுவிட்டால் அதோடு நம் கதை முடிந்தது. பேசி அனுப்ப உங்களுக்குப் பெரியவர்கள் யாரும் இல்லை. அதனால் படத்து வழியில் போனீர்கள்: நீங்களே வெற்றிலைத் தட்டோடு எங்கள் களத்துக்கு, படத்தில் வந்த அதே பொலி நேரத்தில். காலில் புதுச் செருப்பு.

நான் நெல் புடைக்கிற சொளகோடு நின்றிருந்தேன். "கழட்டுங்க" என்று கத்துவதற்குள் குவியலோரம் வந்து தட்டை நீட்டிவிட்டீர்கள்.

பெரியண்ணன் வைக்கோல் புரட்டும் கவைக்கம்பால் உங்கள் இடது காதோடு சேர்த்து அடித்தது. பச்சை விறகு பிளப்பது போல ஒரு சத்தம். அந்தச் சத்தம் எந்தப் படத்திலும் இல்லை. நீங்கள் குப்புற விழுந்தீர்கள். சின்னண்ணன் விலாவில் மிதித்தது. ஒவ்வொரு மிதிக்கும் உங்கள் வாயிலிருந்து ரத்தம் தெறித்து நெல்லில் விழுந்தது. வெற்றிலை காலடியில் நசுங்கிக் கிடந்தது.

"எந்த ஊரு நாயிடா நீ? செருப்போட எங்க களத்துலயா?"

பெரியண்ணன் அரிவாளை எடுத்ததைப் பார்த்தேன். கழுத்துக்குத்தான் குறி. ஓடிப்போய் வெட்டுவாயையே பிடித்தேன். அண்ணன் உருவி இழுக்க, உள்ளங்கை வாய் திறந்தது. வலிக்கவில்லை, வெறிதான் வந்தது. நெல் அளக்கிற இரும்பு மரக்காலை இடது கையால் தூக்கிப் பெரியண்ணன் முழங்காலில் இறக்கினேன். எலும்பு முறிந்தது எனக்கே கேட்டது. அண்ணன் குவியல் மேல் சரிந்து விழுந்தது.

சின்னண்ணன் அசையாமல் நின்றது. "கிட்ட வந்தா மண்டையில விழும். நான் அவுகளோடதான் போறேன்" என்றேன்.

உங்களை ரோடு வரை இழுத்துக்கொண்டு வந்தேன். காரைக்குடிப் பஸ்ஸில் ஏறியபோது மரக்கால் கையிலேயே இருந்தது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக் கிடந்தபோது, உடைந்த பல்லோடு சொன்னீர்களே: "இப்பத்தான் குறை வெளங்குது. அடி விழுகயில அந்தப் படத்துப் புள்ள வைக்கப்போருக்குப் பின்னால நின்டு அழுகுது. அது கையில ஒரு மரக்காலக் குடுத்திருக்கணும்." சிரிக்க முடியாமல் விலாவைப் பிடித்துக்கொண்டீர்கள். நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

இடது காது திரும்பவே இல்லை. அன்று முதல் உங்கள் வலப்பக்கமே நடந்தேன், வலப்பக்கமே படுத்தேன். இன்றைக்கும் கட்டிலில் இடப்புறம் காலியாகக் கிடக்கிறது.

படம் முடியும்போது அண்ணன்காரன் சிரித்துக்கொண்டே மாப்பிள்ளையைக் கட்டிப் பிடிக்கிறான். பெரிய பொய் அதுதான். உங்களைக் கிடத்தியிருந்த அன்று பெரியண்ணன் வந்தது. கம்பை ஊன்றி, அந்தக் காலை இழுத்து இழுத்து வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றது. "உள்ள வரவாத்தா?" என்று கேட்டது.

நீங்கள் இருந்திருந்தால், "வயசான மனுசன், வரச் சொல்லு" என்றிருப்பீர்கள். உங்களுக்கு அந்தப் படம் கடைசி வரை பிடித்துத்தான் இருந்தது.

நான் எழுந்து அடுப்படிக்குப் போனேன். வாய்க்கரிசிக்கு அரிசி அளக்க வேண்டியிருந்தது. அதே மரக்காலை எடுத்து வந்து, பெரியண்ணன் பார்க்க, உங்கள் தலைமாட்டில் வைத்தேன். அண்ணன் வெயிலில் வெகுநேரம் நின்றுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டது.

எனக்கு இன்னும் ஆறவில்லை.