நூறாவது மணிக்கு இரண்டாவது கண்

ஆகஸ்ட் எட்டு, வெள்ளிக்கிழமை, காலை ஆறு நாற்பது. நாம் இருவரும் இந்த மிதவை விமானத்தைக் கடைசியாகச் சேர்ந்து சோதித்துப் பார்த்ததிலிருந்து, பறந்த மணி மீட்டரில் தொண்ணூற்றொன்பது தசம் எட்டு.

எட்டு மணிக்கு முதல் பறப்பு, அரை மணி நேரச் சுற்று. புறப்பட்டுக் கொஞ்ச நேரத்திலேயே, நீர்த்தேக்கத்துக்கு மேலே வைத்து, நூறு மணி முடிந்துவிடும். முதலாளி என்னிடம் கேட்பது, பறக்குமுன் சோதிக்கிற காலைப் பார்வைக்கு ஒரே ஒரு கையெழுத்து. நான் போட்டால் விமானம் போகும். போடாவிட்டால் நான் போவேன்.

ஸ்பானர் எடுக்கத்தான் உன் பெட்டியைத் திறந்தேன். கையில் வந்தது மறைவிடங்களைப் பார்க்கிற உன் கண்ணாடி. நீட்டுக் கம்பி, நுனியில் ஐந்து ரூபாக் காசளவு வட்டம், ஓரத்தில் கீறல். பிடியில் நீ சுற்றிய கறுப்பு டேப்பில் இன்னும் கிரீஸ் மணம். அதைப் பிடித்துக்கொண்டு மிதவையின் மேல் உட்கார்ந்துவிட்டேன். உட்கார நேரமில்லை, தெரியும். ஆனாலும் எழும்ப முடியவில்லை.

விதி சின்னது. சொந்தக்காரன் தன் விமானத்தைத் தானே ஓட்டினால் வருடத்துக்கு ஒரு பெரிய பார்வை போதும். காசு வாங்கி ஆளேற்றினால், அதற்கு மேல், நூறு மணிக்கு ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். இங்கே சேர்ந்த புதிதில் நான் உன்னிடம் கத்தினேன், இது என்ன முட்டாள்தனம், காசு வாங்கினால் எஞ்சின் கூடுதலாகத் தேயுமா என்று. நீ மிதவைக்குள் ஊறிய தண்ணீரைக் கைப்பம்பால் இறைத்துக்கொண்டே சொன்னாய்: "சொந்தக்காரனுக்கு ஒரு சத்தம் வந்தா சந்தேகம் வரும் மச்சான். காசு குடுத்து ஏறுறவன் ஒண்டும் கேக்க மாட்டான். அவனுக்காக நாம கேக்கணும்."

நாம் கேட்ட விதம் வேறு யாரிடமும் இல்லை. முதலில் நான் முழுவதும் பார்ப்பேன். கண்ட பழுதுகளின் எண்ணிக்கையைக்கூடச் சொல்லமாட்டேன். சொன்னால் உன் கண் என் கண்ணாகிவிடும் என்பாய். நான் வெளியே போய் நிற்க, நீ கண்ணாடியோடு உள்ளே போவாய். கடைசியில் ஒன்று இரண்டு மூன்று சொல்லி இருவரும் ஒரே நேரத்தில் எண்ணைச் சொல்ல வேண்டும். குறைத்துச் சொன்னவன் திகனையில் கொத்து ரொட்டி வாங்கித் தர வேண்டும்.

போன தடவை நான் "ஆறு" என்றேன். நீ "ஏழு" என்றாய்.

"பொய் சொல்ற, கொத்துக்காக."

"வா, காட்றேன். கண்ண பிடரியிலயா வெச்சீக்க?"

தரைப்பலகைக்குக் கீழே, சுக்கான் கேபிள் கப்பியைச் சுற்றும் அடிப்பக்கத்தில், நேராகப் பார்த்தால் தெரியாத இடத்தில், உன் கண்ணாடிக்குள் ஒரு கம்பி இழை அறுந்து முள்ளைப் போல நிமிர்ந்து நின்றது. கேபிளை மாற்றினோம். கோழிக் கொத்து, முட்டை கூடப் போட்டுத் தின்றாய்.

அந்தக் கப்பியை அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. தண்ணீரில் நிற்கிற விமானம், துரு சீக்கிரம் ஏறும். கட்டுப்பாட்டுக் கேபிள்களை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், அதுவும் விதிதான். உன் இடத்துக்கு ஆள் போடச் சொல்லி ஒவ்வொரு கிழமையும் கேட்டேன். பெரஹராத் திருவிழா முடியட்டும் என்றார் முதலாளி. கண்டியில் ஒரு ஹோட்டலிலும் அறை இல்லை, வந்தவர்களுக்கெல்லாம் மேலே பறக்க வேண்டும். விமானத்தை நிறுத்த அவருக்கு மனமில்லை. நேற்றுப் பின்னேரம் புது வழியோடு வந்தார்.

"இனி இது கம்பெனிப் பறப்பு இல்ல தம்பி. கிளப். ஏறுறவங்க எல்லாம் மெம்பர். அப்ப இது தனியார் பறப்புத்தானே, நூறு மணி எங்க வந்துச்சு?"

"காசு வாங்குறீங்களே?"

"அது சந்தா."

"அப்ப நூறுக்கு மேல பத்து மணி சலுகையாச்சும்..." என்று அவரே தொடங்கினார். அந்தச் சலுகை விமானத்தைப் பார்வைக்குக் கொண்டுபோக மட்டும், நம் விமானத்தைப் பார்ப்பது இதே இறங்குதுறையில், எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று கேட்டேன். "நீ அவன மாதிரியே பேசுற" என்று எழும்பிப் போய்விட்டார்.

உன்னை மாதிரி நான் எங்கே பேசினேன்? நீ சிரித்துக்கொண்டே மறுப்பாய், அவரும் சிரித்துவிடுவார். நான் மறுத்தால் சண்டைதான் வருகிறது.

இப்போது எட்டு மணிக்காரர்கள் வந்துவிட்டார்கள். யாழ்ப்பாணத்துக் குடும்பம். தகப்பன், தாய், முன்பல் விழுந்த ஒரு பெண்பிள்ளை. தகப்பன் துறையில் இறங்கி என்னிடம் வந்தார்.

"தம்பி, எங்களை மெம்பர் எண்டு கையெழுத்து வைக்கச் சொன்னவை. நாங்கள் ரிக்கற் எல்லோ எடுத்தது? மெம்பர் எண்டா பிறகும் வரவேணுமோ?"

"தேவையில்லைங்க."

"அப்ப சரி. பிள்ளை யன்னல் பக்கம் இருக்கலாமோ?"

அவ்வளவுதான் கேட்டார். நீ சொன்னபடியே, வேறு ஒன்றும் கேட்கவில்லை.

நீயும் அப்படித்தானே ஏறினாய்? மகியங்கனையில் கல்யாணம், வாடகை வான், திரும்பி வரும்போது ஹுன்னஸ்கிரிய இறக்கத்தில் பிரேக் இல்லை. ஏறுமுன் டயரைத் தட்டிப் பார்த்தாயா? கடைசியாக எப்போது திறந்து பார்த்தீர்கள் என்று டிரைவரிடம் கேட்டாயா? மாட்டாய். உம்மாவுக்கு எந்த சீட் என்று மட்டும் பார்த்திருப்பாய். காசு கொடுத்து ஏறினாய். உனக்காகக் கேட்க அங்கே ஒருவனும் இருக்கவில்லை. உம்மா கைமுறிவோடு தப்பினார், நீ தப்பவில்லை. கலகெதர மையவாடியில் உன்னை அடக்கிவிட்டுத் திரும்பும்போது உன் வாப்பா இந்தப் பெட்டியை என்னிடம் நீட்டினார். "இதெல்லாம் என்னத்துக்கெண்டு எனக்குத் தெரியா மகன். நீங்களே வெச்சிக்கோங்க." அந்த வானுக்கும் ஒரு விதி இருந்திருக்கும். யாரோ ஒருவனிடம் ஒரு கையெழுத்துக் கேட்டிருப்பார்கள், அவன் போட்டிருப்பான்.

வந்து பாரடா. ஒரேயொரு தடவை. நான் வெளியே போய் நிற்கிறேன்.

வரமாட்டாய். மணி ஏழு பத்து. இனிச் செய்யப்போவது:

1. புரொப்பெல்லரில், பறக்கக்கூடாது என்கிற சிவப்புப் பட்டி கட்டுவேன். சாவி என் பையில் இருக்கும்.

2. முதலாளி வருமுன் அந்தத் தகப்பனிடம் நானே சொல்வேன்: பார்வைக்கு நிறுத்தியிருக்கிறோம், இன்றைக்கு ஏறாதீர்கள். பிள்ளை அழும். அழட்டும்.

3. முதலாளியிடம் கையெழுத்து இல்லை என்பேன். சிரிக்க முயற்சி செய்வேன், வராது. அவர் போகச் சொன்னால், போகுமுன் விமானத் துறை அதிகாரிக்கு இங்கிருந்தே போன் எடுப்பேன். வேலை போனதை அம்மாவுக்கு நாவலப்பிட்டிக்குப் போய்த்தான் சொல்ல வேண்டும், போனில் சொல்ல ஏலாது.

4. போகச் சொல்லாவிட்டால், நம்மோடு படித்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிடுவேன், இரண்டாவது கண்ணுக்கு. ஒருவனாவது வருவான்.

5. அவன் வரும்வரை தரைப்பலகையைக் கழற்றி, உன் கண்ணாடியைக் கப்பிக்கு அடியில் விட்டு, முழுவதும் பார்ப்பேன். எத்தனை கண்டேன் என்று யாரிடமும் சொல்லமாட்டேன்.