குமிழை எப்போது இழுப்பது

திண்டுக்கல்
3-8-2025

அன்புள்ள அத்தானுக்கு,

நலமா என்று கேட்கும் உரிமை எனக்கு இன்னும் மிச்சமிருப்பதாக நினைத்துக்கொண்டு கேட்கிறேன். போனில் பேசினால் "சாப்பிட்டாயா"வுக்கு அடுத்த வாக்கியத்திலேயே நமக்குச் சண்டை வந்துவிடுகிறது. நீங்கள் தனியாகக் கொடைரோட்டுக்குப் போன இந்த நான்கு வருடங்களில், கடிதத்தில் மட்டும்தான் புருஷன் பெண்டாட்டியாக மரியாதையோடு இருக்கிறோம்.

பழனிக் கச்சேரிக் குழு கூப்பிடுகிறது, கிடாரை எடுக்க வருகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். தாராளமாக. ஆனால் மாதா திருவிழா வரை பொறுத்துக்கொள்ளுங்கள். கோயில் பாடகர் குழுவில் வாசித்த ரோஷன் வேலைக்குச் சென்னை போய்விட்டான். உங்கள் ஒத்திகையைப் பார்த்துப் பார்த்துக் கற்றதை நம்பி, நான் வாசிக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். இந்த வீட்டில் உங்கள் பொருள் என்று மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். அது போவதற்குள் ஒருமுறை வாசித்துவிட ஆசை.

சிக்கல் கிடாரில் இருக்கும் அந்தக் குமிழ்தான். மேலே இழுத்தால் சத்தம் எகிறுமே, அந்த பூஸ்ட். நீங்கள் எப்போதும் இழுத்தே வைத்திருப்பீர்கள் என்று நானும் அப்படியே வைத்தேன். குழுவை நடத்தும் ஆனந்தமேரி அக்கா, "ஏஞ்சலின், இது பாட்டா, மாவு மில்லா?" என்று கேட்டார். எப்போது இழுப்பது, எப்போது அமுக்குவது? எழுதுங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
ஏஞ்சலின்

கொடைரோடு
9-8-2025

ஏஞ்சலுக்கு,

கவர் மேல உன் கையெழுத்தைப் பார்த்ததும் சவுண்டு சர்வீஸ் கடையைச் செத்த நேரம் சாத்திட்டு உக்காந்து படிச்சேன்.

முதல்ல குமிழை அமுக்கிட்டு ஆம்ப் பெட்டியில சத்தத்தைச் சரிபண்ணு. கொஞ்சம் இடம் விட்டு வை. ஆம்ப் ஏற்கெனவே முட்டமுட்டப் போய்க்கிட்டிருந்தா, இழுத்தாலும் சத்தம் கூடாது, கரகரப்புதான் கூடும். ஆட்கள் பாடுறப்ப அமுக்கியே இருக்கணும். பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவுல கிடார் தனியா வர்ற இடம் இருக்குல்ல, அதுக்கு ஒரு தாளம் முந்தி இழு. முடிஞ்ச கையோட அமுக்கிரு. ட்யூப்லைட்டுப் பக்கம் நிக்காத, அந்த இரைச்சலையும் சேர்த்துத் தூக்கும். முக்கியமா, கேபிள் சொருகி இருக்கிற வரைக்கும் கிடாருக்குள்ள பேட்டரி ஓடிக்கிட்டே இருக்கும். வாசிச்சதும் உருவிரு. பேட்டரி செத்துட்டா, இழுத்ததும் சத்தமே போயிரும்.

இதெல்லாம் அப்பவே தெரியுமான்னு கேட்ப. தெரியாது. இங்க அடுத்தவங்க வாசிக்கிறத சவுண்டு மிக்சர் முன்னால உக்காந்து கேட்டுத்தான் தெரிஞ்சது.

அகரத்துல நாம பண்ணின கச்சேரி ஞாபகம் இருக்கா? மழையில கூட்டம் கலைஞ்சு போச்சு. பந்தல்காரர் பெருமாள்சாமி மட்டும் நாற்காலியைத் தலையில கவுத்துக்கிட்டு நின்னாரு. அந்த ஒருத்தருக்காக முழுப் பாட்டையும் பாடினவ நீ. அப்புறம் தொண்டை சரியில்லைன்னு பாட்டையே விட்டுட்ட. இப்ப தொண்டை எப்படி இருக்கு?

ராயப்பராஜ்

திண்டுக்கல்
11-9-2025

அன்புள்ள அத்தானுக்கு,

திருவிழா முடிந்தது. நீங்கள் சொன்னபடியே செய்தேன். ஒத்திகையில் குமிழ் என் விரலுக்குப் பழகிவிட்டது. ஆனந்தமேரி அக்காவே, மில் மூடியாச்சு போல என்றார்.

கேபிளையும் தவறாமல் உருவினேன். ஆனால் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் கஸ்பார் அண்ணன் பீடத்துணிக்குக் காட்டும் அதே அக்கறையைக் கிடாருக்கும் காட்டியிருக்கிறார். கேபிள் தொலைந்துவிடக் கூடாதென்று, நவநாள் ஒன்பது நாளும், கிடாரைக் கோயிலில் வைத்துவிட்டு நான் கிளம்பியதும் எடுத்து மறுபடி சொருகிவைத்திருக்கிறார். திருவிழா மாலை முதல் சரணத்துக்கு முன்னால் குமிழை இழுத்தேன். கிடார் அப்படியே அடங்கிவிட்டது. மறுபடி அமுக்கினால் வந்திருக்கும். பதற்றத்தில் அது தோன்றவில்லை. குழுவும் பாட்டை எடுக்காமல் என்னையே பார்த்தது. நான் கிடாரைக் கழுத்தில் தொங்கவிட்டபடி பாட ஆரம்பித்தேன். சரணம் முழுக்கத் தனியாகப் பாடினேன். பிறகுதான் அவர்கள் சேர்ந்துகொண்டார்கள்.

இறங்கி வந்ததும் அக்கா என் கையைப் பிடித்து, "இம்புட்டு நாளா இந்தக் குரலை எங்கடி வச்சிருந்த?" என்றார். அவரிடம் சிரித்துவைத்தேன். உங்களிடம் சொல்கிறேன். என் தொண்டைக்கு ஒன்றுமில்லை, அப்போதும் இல்லை. உங்கள் கிடார் பக்கத்தில் நின்று பாடும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை. அதை உங்களிடம் சொன்னேன். அதுவும் உங்களுக்குக் கேட்கவில்லை. தொண்டை வலி என்றால் மட்டும் உடனே சுக்கு வாங்கிவந்தீர்கள். அதனால் தொண்டை என்றே விட்டுவிட்டேன்.

சண்டைக்காக எழுதவில்லை. மொட்டைமாடியில் நீங்கள் சுதி கூட்டுவதும், கீழே துணி துவைத்துக்கொண்டே நான் பாடுவதும் இன்று காலைகூட நினைவுக்கு வந்தது. அப்போது ஆம்ப் கிடையாது. இருவருக்கும் இரண்டும் கேட்டது.

கிடாரை உறையில் போட்டுவைத்திருக்கிறேன். எனக்கு இனி வேண்டாம். நான் பாடப் போகிறேன். வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏஞ்சலின்

கொடைரோடு
16-9-2025

ஏஞ்சலுக்கு,

நாலு நாளா எழுதி எழுதிக் கிழிச்சேன். சமாதானம் சொல்ல வந்த வார்த்தை எல்லாம் வக்காலத்து மாதிரியே இருந்துச்சு.

பழனிக்காரங்களை வேற ஆள் பார்க்கச் சொல்லிட்டேன். அக்டோபர் ஜெபமாலை மாசத்துக்கு, நீ பாடுறப்ப பின்னால வாசிக்க ஆள் வேணுமான்னு ஆனந்தமேரி அக்காட்ட கேட்டுச் சொல்லு. வேணாம்னு நீ சொன்னாலும் சரிதான். அப்ப வந்து கிடாரை எடுத்துக்கிட்டுப் போறேன்.

ராயப்பராஜ்

திண்டுக்கல்
20-9-2025

அன்புள்ள அத்தானுக்கு,

அக்காவிடம் கேட்டேன். "உனக்குச் சம்மதம்னா எனக்கென்ன" என்றார். என் சம்மதத்தை இரண்டு நாள் கழித்துத்தான் சொன்னேன். அதற்காக வருத்தப்படாதீர்கள்.

அக்டோபர் முதல் சனிக்கிழமை, மாலை ஆறு மணிக்கு ஒத்திகை. பஸ் நிலையத்திலிருந்து நேராகக் கோயிலுக்கு வாருங்கள், கிடாரை நான் கொண்டுவருகிறேன். முடிய எட்டாகிவிடும். ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்ன வெஞ்சனம் வைக்கட்டும் என்று மட்டும் எழுதுங்கள். பழைய ஞாபகத்தில் நான் எதையாவது சமைத்து, அது இப்போது உங்கள் உடம்புக்கு ஆகாததாக இருந்துவிடப் போகிறது.

ஏஞ்சல்