ஸ்கேல் வைக்காமல் வெட்டியது

கும்பகோணம்,
ஆவணி 18, புதன்கிழமை

அன்புள்ள ஹம்சாவுக்கு அப்பா எழுதுவது.

இங்கு அம்மா சௌக்கியம், நானும் சௌக்கியம். இருவரும் சேர்ந்து சௌக்கியம் என்று எழுதுவதற்கு மூன்று நாளாகத்தான் முடிகிறது, அந்தக் கதையைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீ சௌக்கியமா, அங்கே கடல் தாண்டி வெலிங்டனில் குளிர் விட்டதா என்று எழுது. போனிலேயே கேட்கலாமே என்பாய். போனில் நீ "சாப்டீங்களாப்பா" என்பாய், நான் "ஆச்சும்மா" என்பேன், "அம்மாகிட்ட குடுங்க" என்று முடித்துவிடுவாய். இரண்டு மாதமாக நம் இருவருக்கும் நடக்கிற பேச்சு மொத்தமே அவ்வளவுதான். சாஃப்ட்வேர் வேலையை விட்டுவிட்டு நர்சரியில் செடி வளர்க்கச் சேர்ந்துவிட்டேன் என்று நீ சொன்னதற்கு, ஆனி மாதம் நம்பர் போட்டுப் பதினோரு அம்சமாக நான் எழுதினேனே, அதற்கு இன்றுவரை பதில் இல்லை. கோபம் என்று தெரிகிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன், நடுவில் தாண்டிப் படிக்காதே.

ஊர்ச் செய்தி அதிகமில்லை. நம் மிச்ச நிலத்தைக் குத்தகைக்குச் செய்கிற பஞ்சநதம் குறுவையை அறுத்துக் கரையேறிவிட்டார், கடைசி இரண்டு மா நிலத்துக்கு அறுவடை மிஷின் கிடைக்காமல் தினமும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார், மழை ஒரு நாள் பொறுத்தது. மாடி ஒழுகல் சரியாகிவிட்டது, அதாவது வேறு இடத்தில் ஒழுகுகிறது. என் சர்க்கரை அளவு நீ கவலைப்படும்படி இல்லை, நான் சந்தோஷப்படும்படியும் இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அம்மா தை மாதத்திலிருந்து குவில்ட் குழுவுக்குப் போவது உனக்குத் தெரியும். ஷார்ஜாவில் பதினாலு வருஷம் இருந்துவிட்டுத் திரும்பிய சஃபியா தன் வீட்டு மாடியில் நடத்துகிறாள், இரண்டாவது நான்காவது சனிக்கிழமைகளில் பன்னிரண்டு பேர் கூடுகிறார்கள். துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைத்து, கீழே ஒரு துணி கொடுத்து, நடுவில் ஒரு அடுக்கு வைத்து, மூன்றையும் சேர்த்துத் தையல் ஓட்டினால் குவில்ட். வெளிநாட்டில் நடுவில் பஞ்சு வைப்பார்களாம், நம் ஊர் வெயிலுக்கு அதைப் போர்த்திக்கொண்டால் ஆளை எடுத்துவிடும் என்று சஃபியா பழைய வேட்டியை வைக்கச் சொல்லிவிட்டாள். அதிலிருந்து என் வேட்டிகள் பழையதாவதற்கு முன்பே காணாமல் போகின்றன. பூவும் மயிலுமாக இருக்கும் என்று நினைத்துப் போனேன், அப்படி ஒன்றுமில்லை, எல்லாம் நவீனமாம். வெறும் சாம்பல் நிறப் பரப்பு, அதன் ஓரத்தில் ஒரே ஒரு சிவப்புக் கோடு, அதைச் சுற்றி நின்றுகொண்டு அரை மணி நேரம் ஆகா ஆகா என்கிறார்கள்.

நான் எப்படிப் போனேன் என்றால் அம்மாவை வண்டியில் கொண்டுபோய் விட்டுவிட்டுக் கீழே பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன், ஒருநாள் சஃபியாதான் "மேல வந்து ஃபேன்ல உக்காருங்க சார்" என்று கூப்பிட்டாள். அங்கே ஒரு வழக்கம். ஒவ்வொரு சனிக்கிழமையும் யாராவது ஒருவர் தனக்குத் தெரிந்ததை மற்றவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும், எனக்கு ஒன்றும் தெரியாது என்று யாரும் தப்பிக்க முடியாது. பிளவுஸ் தைக்கிற மேகலா மெஷினில் நூல் இழுப்பைச் சரிசெய்யக் கற்றுக்கொடுத்தாள். காலேஜில் பாடம் நடத்துகிற செம்மொழி, எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் வைத்தால் எது முன்னால் வரும் என்று கம்ப்யூட்டரில் காட்டினாள். உன் அம்மா, அங்கே எல்லோருக்கும் மதுரம் அக்கா, தையல் வெளியே தெரியாமல் கையால் ஓரம் மடிப்பதைக் காட்டினாள், எனக்கே அன்றுதான் தெரியும் அவளுக்கு அது தெரியுமென்று. சித்திரையில் ஒருநாள் மூலைகள் சரியாகச் சேராமல் எல்லோரும் திண்டாடியபோது நான் வாயைக் கொடுத்தேன். முப்பத்தோரு வருஷம் சர்வேயராக இருந்தவனுக்கு மூலை மட்டம் பிடிக்கத் தெரியாதா? கயிற்றில் மூன்று, நான்கு, ஐந்து என்று முடிச்சுப் போட்டு வயலில் செங்கோணம் எடுப்பதைத் தரையிலேயே செய்து காட்டினேன். கை தட்டினார்கள். அன்றே என்னையும் குழுவில் சேர்த்து மெஷினில் உட்காரவைத்தார்கள், ஒரே மாதத்தில் நேர்த்தையல் பழகிவிட்டேன். மேகலா, "சார் தச்சா நூல் புடிச்ச மாதிரி இருக்கு" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை, அதுதான் வினையாகப் போயிற்று.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு சின்ன மண்டபத்தில் குழுவின் முதல் கண்காட்சி. அதற்கு அம்மா சாம்பலும் மாம்பழ மஞ்சளுமாக ஒரு பெரிய குவில்ட் தைத்துக்கொண்டிருந்தாள், மொத்தம் முப்பது கட்டம். கண்காட்சிக்குச் சரியாகப் பத்து நாள் இருக்கும்போது சீர்காழியில் உன் சித்தி வீட்டு வளைகாப்புக்குப் போனாள், மூன்று நாள். வீட்டில் நான் தனியாக. கட்டங்கள் மெஷின் மேல் இருந்தன, எடுத்துப் பார்த்தேன். ஹம்சா, ஒரு கட்டத்தில்கூட ஒரு கோடும் நேராக இல்லை. ஒரு பட்டை இந்தப் பக்கம் அகலம் அந்தப் பக்கம் ஒல்லி, இன்னொன்று சாய்ந்து போய்ப் பாதியில் நிற்கிறது. பாவம், கண்ணாடிப் பவர் கூடிவிட்டது போலிருக்கிறது, பன்னிரண்டு பேர் முன்னால் அவமானப்படப் போகிறாளே என்று எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. அன்புதான், சத்தியமாக அன்புதான். மூன்று நாளும் உட்கார்ந்து, பன்னிரண்டு கட்டங்களைத் தையல் பிரித்து, ஸ்கேல் வைத்துக் கோணலை எல்லாம் நறுக்கித் தள்ளி, நேராகத் தைத்து, இஸ்திரி போட்டு நாற்காலியில் விரித்துவைத்தேன். வந்ததும் பார்த்து அசந்துபோவாள் என்று ஃபில்டர் காப்பிகூடப் போட்டுவைத்தேன்.

வந்தாள், பார்த்தாள். சத்தம் போடவில்லை. "நறுக்கின துண்டெல்லாம் எங்க?" என்று மட்டும் கேட்டாள். காலையில் குப்பை வண்டியில் போட்டுவிட்டேன் என்றேன். கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள். பிறகு சொன்னாள், "நீங்க மாடிக்கு வர்றதுக்கு முன்னாடியே, ஸ்கேல தொடாம வெட்டணும்னு சஃபியா மூணு சனிக்கிழமை பழக்கினா. எனக்கு முதல்ல கையே ஓடல. கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்துல யாரையும் கேக்காம நான் வெட்டின மொத துணிங்க அது." அத்தோடு பேச்சு நின்றது. வேளாவேளைக்குத் தட்டு வரும், காப்பி வரும், மாத்திரைகூட மேஜையில் இருக்கும், வார்த்தை மட்டும் வராது. உன்னிடமும் சொல்லவில்லை என்று நினைக்கிறேன், சொல்லியிருந்தால் நீ போனிலேயே என்னைப் பிடித்திருப்பாய்.

இரண்டு நாள் பொறுத்தேன், முடியவில்லை, சஃபியாவிடம் போய் ஒப்புக்கொண்டேன். அவள் முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், பிறகு பன்னிரண்டு கட்டமா என்று கேட்டுவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாள். "சார், ஸ்கேல இங்க வச்சிட்டுப் போங்க. ஒரே ஒரு கட்டம் கோணலா வெட்டித் தச்சுப் பாருங்க, அப்புறம் மதுரம் அக்காகிட்ட பேசுங்க" என்றாள். இதென்ன பெரிய வித்தை என்று என் நீலச் சட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு மாடி அறையில் உட்கார்ந்தேன். முதல் கட்டம் கை தானாக நேராகப் போய்விட்டது. இரண்டாவது வேண்டுமென்றே வளைத்தேன், பொய்யாக இருந்தது, எனக்கே தெரிந்தது. மூன்றாவதில் எந்த இடத்தில் நிறுத்துவது என்று தெரியவில்லை. நேர்க்கோட்டுக்கு ஒரே கேள்விதான், அதற்கு ஸ்கேல் பதில் சொல்லிவிடும். கோணலுக்கு ஒவ்வொரு அங்குலத்திலும் நான்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, தப்பானால் பழி போட ஆள் இல்லை. அப்போதுதான் முப்பது கட்டத்துக்கு அவள் எவ்வளவு யோசித்திருப்பாள் என்று உறைத்தது, அங்கேயே உட்கார்ந்து அழுதேன் என்று சொன்னால் சிரிக்காதே. ஆறாவது கட்டம் ஒருமாதிரி வந்தது. அதைக் கொண்டுபோய் அவள் மெஷின் மேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் அது அங்கே இல்லை, என்ன செய்தாள் என்று கேட்க எனக்குத் தைரியமும் இல்லை.

கண்காட்சியில் ஒவ்வொருவரும் தன் குவில்ட் பக்கத்தில் நின்று இரண்டு நிமிஷம் பேச வேண்டும் என்று ஏற்பாடு. அம்மா முறை வந்தது, துணியை விரித்துத் தொங்கவிட்டார்கள். நான் கெடுத்த பன்னிரண்டையும் அவள் தூக்கிப் போடவில்லை. எல்லாவற்றையும் ஒரு மூலையில் சேர்த்திருந்தாள், மற்ற பதினெட்டும் அதைச் சுற்றி இஷ்டத்துக்கு ஓடிக்கொண்டிருந்தன. அந்த நேர்க்கோடுகளுக்கு நடுவில், முப்பத்தொன்றாவதாக, என் நீலச் சட்டைக் கட்டம். மைக்கைப் பிடித்துக்கொண்டு உன் அம்மா, "இந்த மூலை எங்க வீட்டுக்காரர் தச்சது. கொஞ்சம் விறைப்பா நிக்கும், தோய்க்கத் தோய்க்க சரியாயிடும்" என்றாள். மண்டபமே சிரித்தது, நானும் சிரித்தேன், கண் மட்டும் சரியாக இல்லை. அன்றைக்கு வண்டி பஞ்சர், டவுன் பஸ்ஸில் திரும்பினோம். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "அந்த நீலம் நல்லா கோணலா வந்திருக்கு" என்றாள். ஏழு நாளில் என்னிடம் பேசிய முதல் பேச்சு. எனக்குப் பென்ஷன் ஆர்டர் வந்த நாளில்கூட அவ்வளவு சந்தோஷம் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் ஃபைலைத் திறந்து உனக்கு எழுதிய ஆனி மாதக் கடிதத்தின் நகலை எடுத்துப் படித்தேன். பதினோரு அம்சம். பி.எஃப். பற்றி இரண்டு, வயசு பற்றி மூன்று, ஊரில் கேட்டால் என்ன சொல்வது என்பது பற்றி ஒன்று. அங்கே என்ன செடி வளர்க்கிறாய் என்று ஒரு இடத்தில்கூட நான் கேட்கவில்லை, ஹம்சா. யாரையும் கேட்காமல் நீயாக வெட்டிய துணி அது, நான் இங்கிருந்தே ஸ்கேலைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். பயம்தான் காரணம், நீ தனியாக அவ்வளவு தூரத்தில் இருக்கிறாய் என்ற பயம், அது இன்னும் போகவில்லை, போகும் என்றும் தோன்றவில்லை. ஆனால் அது என் பயம், அதை நம்பர் போட்டு உன் தலையில் ஏற்றியது தப்பு. பதினொன்றையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். என்ன செடி என்று எழுது. காலையில் எத்தனை மணிக்குப் போகிறாய், கையில் மண் ஒட்டினால் பிடிக்கிறதா, அதையும் எழுது.

உடம்பும் மனசும் நிறைந்து நீ நன்றாக இருக்க எங்கள் இருவர் ஆசீர்வாதம். வழக்கமாக இந்த இடத்தில் மறக்காமல் செய் என்று நாலு விஷயம் எழுதுவேன், இந்தத் தடவை ஒன்றுதான். இதோடு ஒரு நீலத் துணிக் கட்டம் வைத்திருக்கிறேன், ஏழாவது, உனக்காகத் தைத்தது. அளந்து பார்க்காதே.

இப்படிக்கு,
உன் அப்பா
வாஞ்சிநாதன்

ஹம்சா, கவரை ஒட்டுவதற்கு முன் படிக்கச் சொல்லி அப்பா கொடுத்தார். படித்தேன். மூன்று இடத்தில் தப்பாக எழுதியிருக்கிறார், நான் திருத்தவில்லை. – அம்மா